டிரெயில், மாரத்தான் இரண்டுக்கும் ஒரே மவுண்டன் பைக் ஃப்ரேம்: எதைப் பார்த்து வாங்குவது?

வார இறுதியில் காட்டுப்பாதை, வருடத்தில் சில மாரத்தான், அதாவது நெடுந்தூர மவுண்டன் பைக் பந்தயம். பழைய பாகங்களை மாற்றிப் பூட்ட ஒரு ஃப்ரேம் மட்டும் வேண்டும் என்கிறீர்கள். பின் சஸ்பென்ஷனில் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் 110 முதல் 120 மி.மீ., ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க் தரையோடு சாயும் கோணம்) 66 முதல் 67.5 டிகிரி என்ற வட்டத்துக்குள் தேடுங்கள். 70 டிகிரி கொண்ட பழைய பந்தய ஃப்ரேம் ஏற்றத்தில் பறக்கும். செங்குத்தான இறக்கத்தில் வயிற்றைக் கலக்கிவிடும்.

மீடியம், லார்ஜ் என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ரீச்சைப் பாருங்கள். பெடல் கைகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு நூலைப் பிடித்து, அங்கிருந்து ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) உச்சி நடு வரை கிடைமட்டமாக அளந்தால் அதுதான் ரீச். இப்போதைய சைக்கிளில் அளந்து ஒப்பிடுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் நீளத்தையும் மறக்காதீர்கள்.

கார்பனா, அலுமினியமா? நானாக இருந்தால் அலுமினியம் எடுத்து, மிச்சப் பணத்தை இலேசான சக்கரங்களில் போடுவேன்.

பலர் கோட்டை விடுவது பின் அச்சில்தான். இன்றைய ஃப்ரேம்களில் அதன் அகலம் பெரும்பாலும் 148 மி.மீ.; உங்கள் பழைய சக்கரம் 142 என்றால் அப்படியே பொருந்தாது. பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகளின் அச்சு உட்காரும் இடம்) மரையுள்ளதாக இருந்தால் நல்லது, கிரீச் சத்தத் தொல்லை குறைவு.

அப்புறம், ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் இரண்டு தண்ணீர் பாட்டில் நிற்குமா என்றும் பாருங்கள். ஐந்து மணி நேரப் பந்தயத்தில் அதன் அருமை தெரியும்.