நூலகத்தில் இருக்கும் பொய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘டா வின்சி கோட்’ படத்தை மீண்டும் பார்த்தேன். இயேசுவின் வம்சத்தைக் காத்துவரும் சீயோன் மடம் என்கிற ரகசிய சங்கத்தை நீங்கள் ஒரு கட்டுரையில் ‘கட்டுக்கதை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். அதன் ஆவணங்கள் பாரிஸ் தேசிய நூலகத்திலேயே இருக்கின்றனவே? இயேசு மகதலா மரியாவை முத்தமிட்டதாகச் சொல்லும் நற்செய்தியும் கிடைத்திருக்கிறது. எல்லாமே புனைவா?

எஸ்

அன்புள்ள எஸ்,

ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று பார்க்கவேண்டும்.

1956-ல் பியர் பிளாந்தார் என்பவர் நண்பர்கள் சிலரோடு, சுவிஸ் எல்லையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் இந்தச் சங்கத்தைப் பதிவுசெய்தார். பெயரிலுள்ள சீயோன் எருசலேமின் சீயோன் மலை அல்ல, அங்கே பக்கத்தில் இருந்த அதே பெயருள்ள குன்று. சங்கத்தின் பத்திரிகை அன்று எதற்காகப் போராடியது தெரியுமா? குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் இருப்பவர்களின் உரிமைக்காக! பிறகுதான் பிளாந்தாருக்குத் தான் மெரோவிஞ்சிய வம்சம், அதாவது பிரான்சைப் பழங்காலத்தில் ஆண்ட அரச குலம் என்று காட்டும் ஆசை வந்தது. அறுபதுகளில் போலிப் பரம்பரைப் பட்டியல்களைத் தட்டச்சு செய்து தேசிய நூலகத்தில் சேர்ப்பித்தார்கள். லியனார்டோ, நியூட்டன், விக்டர் ஹ்யூகோ எல்லோரும் சங்கத்தின் தலைவர்களானது அப்படித்தான். கொடுத்ததை வாங்கி எண் போட்டு வைப்பது நூலகத்தின் வேலை, உண்மை பொய் பார்ப்பது அல்ல. அந்த எண்ணையே பின்னால் வந்தவர்கள் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, பிளாந்தாரின் கதையில் இயேசு கிடையாது. அவரைச் சேர்த்தது 1982-ல் வந்த ஓர் ஆங்கில நூல். 1993-ல் ஒரு நீதிபதியின் முன் எல்லாம் தன் கற்பனை என்று பிளாந்தாரே ஒப்புக்கொண்டார்.

முத்தத்தைச் சொல்லும் பிலிப்பு நற்செய்தி வேறு விஷயம். அது அசல். 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த, காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழிச் சுவடிகளில் ஒன்று. ஆனால் நீங்கள் சொல்லும் வரியில், ‘அவளுடைய’ என்பதற்குப் பிறகு முத்தமிட்ட இடம் வரவேண்டிய இடத்தில் பாப்பிரஸ் சிதைந்திருக்கிறது. ‘வாய்’ என்பது பதிப்பாசிரியர்களின் ஊகம். கன்னமாகவோ நெற்றியாகவோ கூட இருக்கலாம். அதே நூலில் வேறோர் இடத்தில், நிறைவுற்றவர்கள் முத்தத்தால் கருவுற்று ஈன்றெடுக்கிறார்கள் என்று வருகிறது. அந்தக் குழுவினருக்கு முத்தம் ஞானத்தைக் கைமாற்றும் சடங்கு. அதைத் திருமணப் பதிவேடாக வாசிப்பது நம்முடைய ஆசை.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் பைபிளைத் தொகுத்தார் என்ற கதையும் நிற்காது. 325-ல் அங்கே கூடிய ஆயர்களின் மாநாட்டின் முன் இருந்தது, இயேசு கடவுளால் படைக்கப்பட்டவரே என்று சொல்லி ஆரியஸ் என்ற குரு எழுப்பிய சிக்கல், நூல் பட்டியல் அல்ல. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் ஒரே பட்டியலாக வருவது 367-ல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் எழுதிய கடிதத்தில்தான்.

படத்தைப் பொறுத்தவரை, மூல நாவலில் இல்லாத ஒரு நேர்மை அதில் உண்டு. இந்தக் கதைகளை நம்பும் அறிஞர் டீபிங் அளந்துவிடும்போது நாயகன் லாங்டன் அங்கங்கே மறுத்துப் பேசுகிறார். மற்றபடி இரண்டரை மணிநேரத்தில் பாதி சொற்பொழிவு. டீபிங்காக நடித்த இயன் மெக்கெல்லனுக்காகப் பார்க்கலாம்.