ரெனால்டு எண் இவ்வளவு குறைவாக இருந்தும் பாக்டீரியா நீரில் கொந்தளிப்பு எப்படி வருகிறது?

குழாயில் ஓடும் நீரின் ரெனால்டு எண் (பாகுநிலையோடு ஒப்பிட்டால் நிலைமம் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்) ஏறத்தாழ 2000-ஐத் தாண்டினால்தான் வரிச்சீர் ஓட்டம் குலையும் என்று படித்தவருக்கு, அந்த எண் 0.001-ஐக்கூட எட்டாத பாக்டீரியா நீரில் சுழல்கள் தோன்றுவது முரணாகத் தெரிவது இயல்பே. ஆற்றில் கொந்தளிப்பை உண்டாக்குவது நீரின் நிலைமம்; இங்கே நிலைமத்துக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் உணவிலிருந்து பெற்ற ஆற்றலைத் தானே நீருக்குள் செலுத்துகிறது.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா நெருக்கமாக வளர்ந்த நீரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். சுமார் 5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல்கள் அணி சேர்ந்து பாய்ந்து, செல்லின் நீளத்தைப்போல் பல மடங்கு அகலமுள்ள சுழல்களாகத் திரும்பி, விரைவிலேயே கலைந்து வேறிடத்தில் கூடும். ஒரு செல்லை மட்டும் கண்ணால் தொடர முயன்றால் உடனே தவறவிட்டுவிடுவோம். இத்தகைய செல்கள் முன்னும் பின்னும் நீரைத் தள்ளிப் பக்கவாட்டில் உள்ளிழுப்பதால், அணிவகுப்பில் ஏற்படும் சிறு வளைவையும் அந்த ஓட்டமே பெரிதாக்கிவிடுகிறது; எல்லாம் ஒரே திசையில் நீந்தும் ஒழுங்கு இந்நிலையில் நிலைக்காது என்பதை அதிதி சிம்ஹாவும் ஸ்ரீராம் ராமசுவாமியும் 2002-இல் கணித வழியில் காட்டினார்கள்.

ஆனால் கேள்வியில் விடுபட்டது சுற்றுச்சூழல் என்பது என் கருத்து. அதே பாக்டீரியாவைச் சில பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தட்டையான துளியாக எண்ணெய்க்குள் அடைத்தால், குழப்பம் அடங்கி ஒரே சுழல் நிலைபெறுகிறது. விளிம்பில் மெல்லிய அடுக்கு ஒன்று எதிர்த்திசையில் சுற்றுகிறது.

கைனெசின் என்ற புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவிட்டு, நுண்குழல்கள் என்ற புரத இழைகளை நகர்த்தும் படலம் இதைவிடத் தெளிவான சான்று. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே படியும் அப்படலத்தில், எண்ணெயின் பாகுநிலையைக் கூட்டினால் ஓட்டம் மெதுவாவதோடு, திசையொழுங்கு குலையும் புள்ளிகளும் பெருகுகின்றன. பார்சிலோனா ஆய்வாளர்கள் எண்ணெய்க்குப் பதில் திரவப் படிகத்தை (மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுக்கும் திரவத்தை) வைத்துக் காந்தப்புலம் செலுத்தியபோது, தாறுமாறான ஓட்டம் புலத்துக்குச் செங்குத்தான இணைப் பாதைகளாக மாறியது. படலத்தின் உந்தத்தில் ஒரு பங்கு அருகிலுள்ள திரவத்துக்குச் சென்றுவிடுவதே காரணம். ஆகவே, ஆற்றல் எந்தெந்த அளவுச் சுழல்களில் எவ்வளவு தங்குகிறது என்ற கணக்கும் அத்திரவத்தைப் பொறுத்தே மாறுகிறது. சாதாரணக் கொந்தளிப்பில் சுழல் சிறிதாகச் சிறிதாக ஆற்றல் எப்படிக் குறைகிறது என்பதற்குக் கணிதவியலர் கோல்மோகரோவ் 1941-இல் தந்த −5/3 அடுக்கை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது பயன்படாது.

நீங்களே செய்து பார்ப்பதானால், துளியை மூடி அடைத்துவிடாதீர்கள். ஆக்சிஜன் தீர்ந்ததும் சப்டிலிஸ் நீந்துவதை நிறுத்திவிடும். சுழல்களும் அத்துடன் நின்றுபோகும்.