கவச வண்டி எப்போது தேவை, எப்போது ஆபத்து: அமெரிக்கக் காவல்துறை குறித்துக் கேள்வி பதில்

அமெரிக்காவில் உள்நாட்டுப் பயங்கரவாதத் தாக்குதல் நடக்கும்போது போலீஸ் என்ன செய்கிறது, அதற்கென்று வாங்கிக் குவித்த ராணுவத் தளவாடங்கள் உதவுகின்றனவா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாக்குதல்களுக்குப் பிறகு வரும் விசாரணை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சார், சின்ன ஊர் போலீசுக்குக்கூட ராணுவ வண்டி எப்படி வந்து சேர்கிறது?

இரண்டு வழிகளில். ராணுவத்துக்குத் தேவைப்படாத பொருட்களை உள்ளூர் போலீசுக்குக் கொடுக்கும் '1033' திட்டம் ஒன்று. 1990களில் போதைப்பொருள் ஒழிப்பைக் காரணம் காட்டித் தொடங்கியது. இன்றுவரை 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட பொருட்கள் இப்படிக் கைமாறியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி உடை, மேசை நாற்காலி, ஜெனரேட்டர் போன்றவைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வழி, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கொடுக்கும் மானியம். நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 23,000 பேர் வாழும் கீன் நகரம், 'பேர்கேட்' கவச வண்டி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் தங்கள் ஊர்ப் பூசணித் திருவிழாவையும் குறிப்பிட்டிருந்தது. அந்த வண்டி கிடைத்தும் விட்டது.

கண்காணிப்பு எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2017இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே, இல்லாத ஒரு மத்தியச் சட்ட அமலாக்க அமைப்பின் பெயரில் விண்ணப்பித்துப் பார்த்தது. இரவுப்பார்வைக் கருவிகள் உட்பட 12 லட்சம் டாலர் மதிப்புள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் வந்து சேர்ந்தன.

2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில், அத்தனை கவச வண்டிகள் இல்லாமல் குற்றவாளியைப் பிடித்திருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை நானே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. ஏப்ரல் 15 அன்று குண்டுகள் வெடித்த இடத்தில் 3 பேர் இறந்தார்கள், 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஆனால் உயிரோடு மருத்துவமனை போய்ச் சேர்ந்த ஒருவர்கூட இறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் இடுப்புப் பட்டையையும் துணியையும் வைத்துக் கட்டிக் குருதியை நிறுத்தினார்கள். பந்தயத்துக்காகப் போட்டிருந்த மருத்துவக் கூடாரம் எட்டும் தூரத்தில் இருந்தது.

நான்கு நாள் கழித்து, பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில் நடந்த தேடல் வேறு கதை. மக்களை வீட்டுக்குள் இருக்கும்படி கேட்டுக்கொண்டு, ஆயுதமேந்திய காவலர்கள் வீடு வீடாகத் தேடினார்கள். குற்றவாளி அகப்படவில்லை. அந்த வேண்டுகோளை விலக்கிய பிறகு வெளியே வந்த ஒருவர்தான் தன் படகின் மூடுதுணி விலகியிருப்பதைக் கண்டு தகவல் சொன்னார். உள்ளே ஆள் இருப்பதை ஹெலிகாப்டரின் வெப்பக் கேமரா உறுதிசெய்தது. அந்தக் கருவிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்து நடந்தது வருந்தத்தக்கது. உத்தரவு இல்லாமலே ஒருவர் சுட, மற்றவர்களும் படகை நோக்கிச் சரமாரியாகச் சுட்டார்கள். உள்ளே இருந்தவனிடம் துப்பாக்கியே இல்லை. முந்தைய இரவு நடந்த சண்டையில் சக காவலர்களின் குண்டு பாய்ந்து ஒரு காவலர் உயிருக்குப் போராடினார். பல துறைகளிலிருந்து தாமாகவே வந்து குவிந்த காவலர்கள், யார் கட்டளையிடுவது என்று தெரியாத நிலை, கட்டுப்பாடற்ற துப்பாக்கிச்சூடு ஆகியவற்றைப் பிறகு வந்த மாநில அறிக்கை கண்டித்தது.

அப்படியானால் இந்தக் கருவிகளே வேண்டாம் என்கிறீர்களா அண்ணா?

இல்லை தம்பி. 2016இல் ஆர்லாண்டோவின் பல்ஸ் இரவு விடுதியில் 49 பேரைக் கொன்றவன் பிணைக்கைதிகளோடு கழிவறைக்குள் இருந்தபோது, சுவரை இடித்து வழி உண்டாக்கியது கவச வண்டிதான். ஒரு காவலரின் தலையில் பாய்ந்த குண்டைத் தலைக்கவசம் தாங்கியது. 2022இல் பஃபலோ பேரங்காடியில் கறுப்பின மக்களைக் குறிவைத்துச் சுட்டவன் மீது அங்கிருந்த காவலாளி சுட்டார். குண்டு அவன் அணிந்திருந்த கவசத்தைத் துளைக்கவில்லை. அந்தக் காவலாளியும் இறந்த பத்துப் பேரில் ஒருவர். எதிரியிடம் ரைஃபிளும் கவசமும் இருக்கும்போது நம் காவலரை வெறும் கைத்துப்பாக்கியோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

போலீசின் சிறப்பு ஆயுதப் பிரிவான ஸ்வாட் படை வரும் வரை காத்திருப்பது சரியா?

தவறு. அதைக் கற்றுக்கொடுத்தது 1999 கொலம்பைன் பள்ளி. வெளியே சுற்றி வளைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் குருதி வடிந்து இறந்தார். அதன் பிறகே, முதலில் வந்த ரோந்துக் காவலர் உடனே உள்ளே போக வேண்டும் என்று பயிற்சி மாறியது. 2019இல் டேட்டனில் ரோந்துக் காவலர்கள் ஏறத்தாழ 30 விநாடிகளில் துப்பாக்கிதாரியை வீழ்த்தினார்கள். 2022இல் யுவால்டி பள்ளிக்கு வந்தவர்களோ 376 பேர். ரைஃபிள் இருந்தது, கேடயங்களும் வந்து சேர்ந்தன. ஆனாலும் 77 நிமிடம் காத்திருந்தார்கள். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது.

பிறகு 'ராணுவமயம்' என்று ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

பயங்கரவாதத்துக்கென்று வாங்கியது அன்றாட வேலைக்கு இறங்கிவிடுகிறது என்பதால். குடிமக்கள் உரிமைச் சங்கமான ஏசிஎல்யூ 2014இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஸ்வாட் நடவடிக்கைகளை ஆராய்ந்தது. அவற்றில் 79 விழுக்காடு வீட்டுச் சோதனை ஆணைக்காக, பெரும்பாலும் போதைப்பொருள் தேடி. பிணைக்கைதி, துப்பாக்கிதாரி போன்றவை சுமார் 7 விழுக்காடுதான். அதே ஆண்டு ஜார்ஜியாவில் அப்படியொரு சோதனையில் வீசிய ஒளி-ஒலிக் குண்டு ஒன்றரை வயதுக் குழந்தையின் தொட்டிலில் விழுந்து வெடித்தது. தேடிய ஆள் அந்த வீட்டில் இல்லை.

வாங்கிய பொருளை ஓராண்டுக்குள் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்று 1033 விதி சொல்கிறது. தாக்குதலோ அடிக்கடி நடப்பதில்லை. வண்டி வேறு எங்கே போகும்? 2014இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில் கவச வண்டியின் மேலிருந்து போராட்டக்காரர்களை நோக்கித் துப்பாக்கியைக் குறிவைத்தார்கள்.

அரசு எதுவும் செய்யவில்லையா?

ஒபாமா 2015இல் கையெறிகுண்டு ஏவி, பயனெட் எனும் துப்பாக்கிமுனைக் கத்தி போன்றவற்றைப் போலீசுக்குக் கொடுப்பதைத் தடை செய்தார். டிரம்ப் 2017இல் அந்தத் தடையை நீக்கினார். பைடன் 2022இல் மீண்டும் கட்டுப்பாடு கொண்டுவந்தார். டிரம்ப் 2025இல் அதையும் நீக்கினார். அதிபரின் ஆணையாகவே இருக்கும் வரை இப்படித்தான் ஆடும். சட்டமாக வேண்டும்.

ஐயா, என் மகள் அங்கே ஒரு நகரக் காவல்துறையில் சேர்ந்திருக்கிறாள். அவள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ரைஃபிள் குண்டைத் தாங்கும் மார்புக்கவசம், குருதி நிறுத்தும் பட்டை, அதைக் கட்டும் பயிற்சி, தீயணைப்பு மருத்துவக் குழுவோடு சேர்ந்த ஒத்திகை. இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள் அம்மா. ஓக்லஹோமா சிட்டியை அவள் படிக்கட்டும். 1995இல் 168 பேரைக் கொன்ற குண்டு வெடித்து ஒன்றரை மணி நேரத்தில், நெடுஞ்சாலையில் தனியாக ரோந்து போன ஒரு காவலர், எண் பலகை இல்லாத காரை நிறுத்தினார். ஓட்டிவந்தவனின் மேலங்கிக்குள் துப்பாக்கி இருப்பதைக் கவனித்துக் கைது செய்தார். இரண்டு நாள் கழித்து, குண்டு வைத்தவனை மத்தியப் புலனாய்வுத் துறை (எஃப்பிஐ) தேடி வந்தபோது, அவன் ஏற்கெனவே அந்த ஊர்ச் சிறையில் இருந்தான்.