சுவரில் கறுப்புப் புள்ளிகள், மூன்று மாத இருமல்

கேள்வி: நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து இருக்கிறோம். என் அறையில் இருவர். குளியலறையை ஒட்டிய சுவரில், பீரோவுக்குப் பின்னால், கறுப்புப் புள்ளிகள் தோன்றி இப்போது கட்டில் வரை படர்ந்துவிட்டன. அறை முழுக்க மக்கல் வாடை. மூன்று மாதமாக எனக்கு வறட்டு இருமல், காலையில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு. விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனால் நாலைந்து நாளில் குறைகிறது, திரும்பி வந்ததும் தொடங்கிவிடுகிறது. கறுப்புப் பூஞ்சை விஷம், ரத்தத்தில் கலந்துவிடும் என்கிறாள் ஒரு தோழி. வீட்டு உரிமையாளர் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். நான் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா? பூஞ்சைக்கு மாத்திரை சாப்பிட வேண்டுமா? என் அறைத்தோழிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. இன்ஹேலர் வைத்திருக்கிறாள், அவளுக்குப் பழகிவிட்டது.

பதில்: உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன், போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டும். அந்த அறையில் இருக்கும் இருவரில் எனக்கு அதிகக் கவலை உங்கள் அறைத்தோழியைப் பற்றித்தான்.

இன்று இரவே அவரிடம் கேளுங்கள். மூச்சு முட்டும்போது உடனடியாக இழுக்கும் இன்ஹேலரை வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் எடுக்கிறாரா? இருமலோ இளைப்போ வந்து இரவில் விழித்துக்கொள்கிறாரா? மாடிப்படி ஏறத் தயங்குகிறாரா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று சொன்னாலும் அவருடைய ஆஸ்துமா முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. 200 தடவை இழுக்கக்கூடிய அந்த இன்ஹேலர் ஒரு வருடத்தில் 3 தீர்ந்தாலே, கடுமையான தாக்குதல் வரும் அபாயம் கூடிவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். அது சுருங்கிய மூச்சுக்குழாயைத் தற்காலிகமாக விரிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்க, தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் வேறு. அது அவரிடம் இருக்கிறதா, இருந்தால் ஒழுங்காக எடுக்கிறாரா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இந்த வாரமே போகச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் பூஞ்சை ஒவ்வாமையும் சேர்ந்தவர்களுக்கு நோய் கடுமையாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் தணியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

சுவர் சரியாகும் வரை அவர் அந்த அறையில் தூங்க வேண்டாம். ஹாலில் பாய் விரித்துப் படுத்தாலும் பரவாயில்லை. முடிந்தால் நீங்களும்.

இப்போது உங்கள் இருமல். வெளியே போனால் குறைகிறது, திரும்பினால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த ஆய்வகச் சீட்டையும் விட எனக்கு உதவுவது அந்தத் தகவல்தான். பூஞ்சை தன் விதைகளைத் தூசியாகக் காற்றில் விடும். வித்துகள் என்கிறோம். பெரும்பாலானவை 2 முதல் 10 மைக்ரான் அளவு, கண்ணுக்குத் தெரியாது. பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலையும் அரிப்பையும் கிளப்பும். சிறியவை நுரையீரலின் அடி வரை போகும். ஒவ்வாமை உள்ளவரின் உடல் இவற்றை எதிரியாக நினைத்துக்கொண்டு ஹிஸ்டமைன் போன்ற பொருள்களைக் கொட்டுகிறது. மூக்கு ஒழுகுவதும் குழாய் சுருங்குவதும் அதனால்தான். ஒவ்வாமை இல்லாதவர்களையும் ஈரமான அறையின் காற்று உறுத்தி இரும வைக்கும்.

ஆனாலும் மூன்று மாத இருமலைச் சுவர் மேல் போட்டுவிட்டு நான் நகர மாட்டேன், நீங்களும் நகராதீர்கள். எட்டு வாரத்தைத் தாண்டிய இருமலை நாள்பட்ட இருமல் என்கிறோம். அதற்கு ஆஸ்துமா, சைனஸ், நெஞ்செரிச்சல், காசநோய் என்று பல காரணங்கள் உண்டு. ஒரே அறையில் பலர் தூங்கும் வீட்டில் காசநோயை விட்டுவிடவே கூடாது. மார்பு எக்ஸ்ரே, மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, சளி வந்தால் சளிப் பரிசோதனை, இவை போதும். காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள்.

இதற்கு நேர்மாறான தவறை நான் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு சிறுவனுக்கு மருந்தை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தேன். அவன் எந்தச் சுவர் ஓரம் படுக்கிறான் என்று கேட்கவே இல்லை. கடைசியில் அவன் பாட்டிதான் சொன்னார்: “தலையணையைத் திருப்பினா அடியில ஈரம், டாக்டர்.” அன்றிலிருந்து இருமலோடு யார் வந்தாலும் எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்காமல் விடுவதில்லை.

கறுப்புப் பூஞ்சை விஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வீட்டுச் சுவரில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், ஆல்டர்னேரியா போன்ற சாதாரண வகைகள். ‘விஷக் கறுப்புப் பூஞ்சை’ என்று பேர் வாங்கிய ஸ்டாக்கிபோட்ரிஸ், நீண்ட நாள் ஊறிய அட்டை, காகிதம், மரப் பலகை போன்றவற்றில்தான் நன்றாக வளரும். 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது இதன்மேல் பழி விழுந்தது. மறு ஆய்வு செய்த அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000-இல் சொல்லிவிட்டது. சுவரில் இருக்கும் பூஞ்சை உங்கள் ரத்தத்தில் கலந்து ஓடவில்லை. தோழியின் பயத்துக்கு இது பதில். ஆனால் அதைக் கேட்டுவிட்டு ‘அப்படியானால் ஒன்றுமில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். பச்சையோ வெள்ளையோ கறுப்போ, எதுவானாலும் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். எவ்வளவு பூஞ்சை வரை பாதுகாப்பு என்று ஓர் எண்ணைச் சொல்ல முடியாது என்பதே உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலைப்பாடு. ஈரமே இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது அது.

பூஞ்சை மாத்திரை வேண்டாம். அது உடலுக்குள் பூஞ்சை வளரும்போது கொடுப்பது, கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே, ஒவ்வாமை மாத்திரை ஆகியவற்றை உங்கள் மருத்துவர் தீர்மானிக்கட்டும். பூஞ்சை ஒவ்வாமை இருக்கிறதா என்பதைத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ ஐஜிஇ ரத்தப் பரிசோதனையோ சொல்லும். ஆனால் ‘இந்த வீட்டுச் சுவர்தான் காரணம்’ என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. சிறுநீரில் பூஞ்சை நச்சைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அதைவிட ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள். கையடக்கக் குழாய், ஊதினால் மூச்சின் வேகத்தைக் காட்டும். காலையும் இரவும் ஊதி, எண்ணோடு அன்று எங்கே தூங்கினீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். உங்கள் அறைத்தோழியும் செய்யட்டும்.

வீட்டில் இருக்கும் மற்ற மூவரையும் விசாரியுங்கள். யாராவது புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கிறார்களா, உறுப்பு மாற்று செய்துகொண்டவரா, நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா, பழைய காசநோயின் வடு நுரையீரலில் இருக்கிறதா? பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பூஞ்சை உள்ளேயே குடியேறக்கூடும். சுத்தம் செய்யும் வேலையில் அவர்களைச் சேர்க்கவே கூடாது. அந்த வீட்டுக்குள் போன சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், மூச்சுத்திணறல் என்று திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு வகை நுரையீரல் அழற்சி. தாமதித்தால் நிரந்தரத் தழும்பாகிவிடும்.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு குடும்பம் 2017-இலேயே வாடகைக் குடியிருப்பின் பூஞ்சையைப் பற்றிப் புகார் சொன்னது. மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. நீண்ட காலம் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குழந்தையின் பெயரால் அங்கே இன்று அவாப் சட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் முதல், சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகளில் அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

பெயின்ட் அடித்தால் புள்ளிகள்தான் மறையும். ஈரம் அப்படியே இருக்கும், சில வாரங்களில் பெயின்ட் உரிந்து அதன் மேலேயே பூஞ்சை பூக்கும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சமையலறை அலுமினியத் தாளை ஒரு சாண் அளவு வெட்டி, சுவரில் நான்கு ஓரமும் இறுக்கமாக டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. சுவர்ப்பக்கம் ஈரமென்றால் உள்ளிருந்து கசிகிறது அல்லது ஓதம் ஏறுகிறது. உங்கள் விஷயத்தில் குளியலறைச் சுவர் என்பதால் குழாய்க் கசிவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அது உரிமையாளர் செய்ய வேண்டிய பழுது. காற்றின் ஈரமென்றால் உங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது: அறைக்குள் துணி காயப் போடாதீர்கள், குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள், பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஈரப்பதமானி வைத்து 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

கசிவு நின்றபிறகு சுத்தம். மூன்றடிக்கு மூன்றடி வரை படர்ந்திருந்தால் நீங்களே துடைக்கலாம். அதற்கு மேல் போனால் பழக்கமுள்ள ஆட்களிடம் விடுங்கள். கட்டில் வரை வந்துவிட்டது என்கிறீர்கள், அளந்து பாருங்கள். என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, ஜன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்திக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச் அவசியமில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும், அதனால் அதைத் துடைத்து எடுத்தாக வேண்டும். பிளீச்சையும் கழிவறை ஆசிட்டையும் தப்பித் தவறிக்கூடக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கிளீனரோடும் சேரக் கூடாது. மெத்தையிலும் தலையணையிலும் பூஞ்சை ஏறியிருந்தால் துவைத்துப் போகாது, தூக்கிப் போடுங்கள். இனி எது நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிடுங்கள், அதற்குப் பிறகு பூஞ்சை பிடித்துவிடும்.

ஐந்து பேர் இருக்கும் வீட்டில், யார் துணி காயப்போட்டது, யார் ஜன்னலைத் திறக்கவில்லை என்று பேச்சு உடனே திசை மாறிவிடும். அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, ஐவரும் கையெழுத்திட்டு உரிமையாளருக்கு எழுதிக் கொடுங்கள். ஒருவர் தனியாகச் சொன்னால் குறை சொல்பவர் ஆகிவிடுவார். அறைத்தோழியின் மருத்துவரிடம், ஈரமான அறையில் இவர் தூங்கக் கூடாது என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கி அதையும் இணையுங்கள். நான் இப்படிப் பல கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பீக் ஃப்ளோ எண்களை நான்கு வாரம் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்களுடையதையும் அறைத்தோழியுடையதையும் தனித்தனியாக. எக்ஸ்ரே எடுத்த விவரமும் அதில் இருக்கட்டும்.