1/72 ஹரிகேனில் கேமஃபிளாஜ் விளிம்பு ஏன் சொரசொரப்பாக வருகிறது?

ஹரிகேன் என்ற இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் போர் விமானத்தை 72ல் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக் மாடலாகக் கட்டுகிறீர்கள், பச்சையும் பழுப்பும் சேரும் விளிம்பு சொரசொரக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தாமியா கம்பெனி அக்ரிலிக் பெயிண்ட், அதைக் காற்றழுத்தத்தில் தெளிக்கும் ஏர்பிரஷ், ஊர் வேலூர் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இங்கே ஏப்ரல், மே வெயிலில் பெயிண்ட் பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். அந்தத் தூள்தான் விளிம்பில் ஒட்டிச் சொரசொரக்கிறது. கம்ப்ரசரை மாற்றாதீர்கள், கலவையை மாற்றுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற வழக்கமான கணக்கு இந்த வெயிலுக்கு ஆகாது. ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னரும் பெயிண்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டும் போதும். ரிடார்டர் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும். அழுத்தம் 15 பிஎஸ்ஐ. விடியற்காலையில், ஃபேனை நிறுத்திவிட்டு அடியுங்கள்.

நிஜ விமானத்தில் இரண்டு நிறமும் கலக்கும் இடம் ஒரு அங்குலம் என்று வைத்தாலும், 72ஆல் வகுத்தால் 0.35 மிமீதான். வெறுங்கையால் அது வராது. வரும் என்று சண்டைக்கு வருபவர்கள் பெரும்பாலும் 1/32 என்ற பெரிய அளவில் கட்டுபவர்கள். ப்ளூ டேக்கை (களிமண் போல உருட்டி ஒட்டும் பசை) 2 மிமீ தடிமனில் உருட்டி எல்லைக்கோட்டில் வையுங்கள், உள்பக்கத்தை டேப்பால் மூடுங்கள், நாசிலை நேர் மேலே பிடியுங்கள். சாய்த்தால் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் புகையாகவும் வரும். அடித்ததும் எடுத்துவிடுங்கள். சூட்டில் ப்ளூ டேக் இளகி எண்ணெய்க் கறை விடும்.

நிற எல்லைகளைக் காட்டும் வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் ஸ்கேலால் அளந்து வாங்குங்கள். ஹரிகேனின் இறக்கை 40 அடி, 1/72ல் 169 மிமீ. தாளுக்குப் பொருந்தச் சுருக்கியிருந்தால் வளைவுகள் எல்லாமே இடம் மாறும். போரின் தொடக்க வருடங்களில் ஏ, பி என்று ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு பேட்டர்ன்கள் இருந்தன. நீங்கள் கட்டும் அதே விமானத்தின் போட்டோவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் அடிப்பாகம், 24 மணி நேரம் கழித்து டார்க் எர்த் என்ற பழுப்பு, கடைசியில் பச்சை. தாமியா பெயிண்ட் எண்கள்: பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, அடிப்பாகத்துக்கு எக்ஸ்எஃப்-83, பழுப்புக்கு எக்ஸ்எஃப்-52. கடைசி எண் துல்லியமில்லை என்று சிலர் எழுதுவார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் நீங்கள் கேட்டது விளிம்பைப் பற்றி.

கிட்டின் பாகங்களைக் கழுவ போர்வெல் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்ததற்கு உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்புச் சொன்னது. ஒரு பொம்மை கழுவக்கூட நாம் இன்னும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பர்மா முனையில் பறந்த இந்திய விமானப்படை ஹரிகேன் என்றால், கிட்டோடு வரும், நடுவில் சிவப்பு வட்டம் உள்ள டெக்கலை (நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) ஒட்டாதீர்கள். ஜப்பானியர்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று அங்கே சிவப்பை எடுத்துவிட்டார்கள், இரண்டு நீலம் மட்டும்தான். கிளாஸ் வார்னிஷ் அடித்து டெக்கல் ஒட்டி, அதன் பிறகே மேட் அடியுங்கள். நேரடியாக மேட் பெயிண்டின் மேல் ஒட்டினால் டெக்கலுக்கு அடியில் காற்று நின்று வெள்ளியாக மின்னும்.