சார்ட் ஒட்டினால் புராஜெக்ட் ஆகிவிடுமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. மாதத்துக்கு ஒன்றிரண்டு புராஜெக்ட் கொடுக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் சார்ட், தெர்மாகோல் தேடி நான்தான் கடைக்கு ஓடுகிறேன். இந்த முறை ‘நீர் சேமிப்பு’. கடையில் 400 ரூபாய்க்கு மாடலே செய்து தருகிறார்கள். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அவளைப் படிக்க வைக்கலாமா? இதனால் பிள்ளைக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. பலன் நிச்சயம் உண்டு. ஆனால் கடையில் விற்கும் மாடலிலும், நீங்கள் ராத்திரி உட்கார்ந்து ஒட்டும் சார்ட்டிலும் அது கிடைக்காது. விடை தெரியாத ஒரு கேள்வியைப் பிள்ளை தானே தேடிப் போகும்போதுதான் அது புராஜெக்ட். ‘நீர் சேமிப்பு’ என்பது வெறும் தலைப்பு. அதைக் கேள்வியாக மாற்றித் தருவதுதான் உங்கள் வேலை.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “நம்ம வீட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வீணாப் போகுது?” உங்களுக்கும் விடை தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. அளந்துதான் ஆக வேண்டும்.

சொட்டுகிற குழாய் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதன் அடியில் ஒரு டம்ளரை வைத்து, பத்து நிமிடத்தில் சேர்ந்த தண்ணீரை மருந்து பாட்டில் மூடியாலோ அளவுக் குவளையாலோ அளக்கட்டும். காலையில் 120 மில்லி, மாலையில் 90 மில்லி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன் மாறியது? தன் அளவுதான் தப்போ என்று முதலில் சந்தேகப்படுவாள். மறுநாளும் அளப்பாள். மாடித் தொட்டி நிரம்பியிருக்கும்போது அழுத்தம் கூடுதல், சொட்டும் வேகம் கூடுகிறது என்று பிடிபடும் அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும். பாடப்புத்தகத்தில் வரியாகக் கிடந்த திரவ அழுத்தம் அவள் வீட்டுக் குழாய்க்கு வந்துவிட்டது.

பிறகு கணக்கு. சராசரி 105 மில்லி. ஒரு மணிக்கு 630 மில்லி. ஒரு நாளுக்கு 15 லிட்டருக்குச் சற்று மேல், ஏறத்தாழ ஒரு பிளாஸ்டிக் குடம். தசம எண்ணும் அலகு மாற்றமும் எதற்கு என்று இனி அவள் கேட்க மாட்டாள். அப்பாவிடம் போய், “தினம் ஒரு குடம் வீணாகுதுப்பா, வாஷர் மாத்துங்க” என்று எண்ணோடு வாதாடுவாள். ஆர்.ஓ. வடிகட்டி இருந்தால் நல்ல நீர் எவ்வளவு, வெளியேறும் நீர் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் வெளியேறுவதுதான் அதிகம். மழை வந்தால் இன்னும் நல்லது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மொட்டைமாடி சுமார் 46 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் 920 லிட்டர் விழுகிறது. 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் காரணத்தை யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை.

வகுப்பில் ஆசிரியர் “ஏன்?” என்று கேட்டால், மாடல் வாங்கிப்போன பிள்ளை முழிக்கும். அளந்த பிள்ளை பேசும். தயங்கித் தயங்கிப் பேசினாலும் சொந்தமாகப் பேசும். என் கணக்கில் இதுதான் பெரிய பலன்.

இது புதிய மோகமும் இல்லை. முழு மனதோடு, ஒரு நோக்கத்தோடு செய்யும் வேலையே கல்வியின் மையம் என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் எழுதியது 1918-ல். கைத்தொழில் வழியே கணக்கும் அறிவியலும் கற்கலாம் என்ற ஆதாரக் கல்வியைக் காந்தி வார்தா மாநாட்டில் முன்வைத்தது 1937-ல். நம் பள்ளிகளுக்கு 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது 100-க்கு 40 மதிப்பெண்ணை, பருவத்தின் நடுவே வகுப்பு வேலைகளைப் பார்த்துத் தரும் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கியதும் பிள்ளைகள் செய்து கற்கட்டும் என்றுதான். அது சார்ட் அலங்காரமாகச் சுருங்கிப்போனதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புராஜெக்ட் எல்லாவற்றையும் கற்றுத் தராது. தசமப் பெருக்கல் தெரியாத பிள்ளையிடம் ‘நீயே கண்டுபிடி’ என்றால் அது சோர்ந்துதான் போகும். புதிதாகக் கற்பவருக்கு நேரடி வழிகாட்டல் தேவை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006-ல் வலுவாக வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வாய்ப்பாடு வாய்ப்பாடாகவே வரட்டும், கணக்கை முதலில் சொல்லிக் கொடுங்கள், அப்புறம் குழாயடிக்கு அனுப்புங்கள்.

கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருக்கட்டும். எழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து “உனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேளுங்கள். கடைசி நாள் ராத்திரி தொடங்கினால் எதுவும் நடக்காது, ஒரு வாரமாவது வேண்டும். தலைப்பை முன்கூட்டியே தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள்.

அவளுக்குப் பிடித்துப்போனால், 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பற்றியும் ஆசிரியரிடமே விசாரியுங்கள். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைக் குழுவாக ஆராய்ந்து முன்வைக்கும் இடம் அது. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஒருங்கிணைத்து வந்திருக்கிறது. இந்தக் குழாய்க் கணக்கை உங்கள் தெரு முழுவதற்கும் விரித்தால், அங்கே கொண்டுபோகத் தகுந்த ஆய்வாகிவிடும்.