முன் டயரில் டொக் டொக் சத்தம்: கீழ் பால் ஜொயின்டைப் பாருங்கள்

சகோ, நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி ரம்பொடை வழியாக இறங்கும்போது இடது முன்பக்கம் டொக் டொக் என்று அடிக்கிறது, வீல் பெயாரிங் மாற்றியும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கீழ் பால் ஜொயின்ட் மேல்தான் சந்தேகம், அதாவது சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு (சேஸியிலிருந்து சக்கரத்துக்கு வரும் கீழ்க் கை) இணைக்கும் உருண்டை மூட்டு. உங்கள் டபுள் கெப்பில் முன் ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால், முன்பக்கப் பாரம் முழுக்க அந்த ஜொயின்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும்.

ஜாக்கியை சேஸிக்குக் கீழே வைத்தால் ஸ்பிரிங் ஜொயின்டை அழுத்திக்கொண்டே இருக்கும், ஆட்டம் சரியாகத் தெரியாது. சமதரையில், பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, கீழ் ஆர்முக்கு அடியில் ஜொயின்டுக்குக் கிட்ட ஜாக்கி வைத்து, டயர் நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பும் வரை மட்டும் தூக்குங்கள். அப்புறம் அலவாங்கை டயருக்கு அடியில் விட்டு நெம்புங்கள், இன்னொருவர் டோர்ச் அடித்து ஜொயின்டையே பார்க்கட்டும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள்: பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் ஜொயின்ட்.

ஜொயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டை விரலால் தடவுங்கள், வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். நம்ம பக்கத்து மழைத் தண்ணீரும் சேறும் அதற்குள் போனால் கிரீஸ் துருநிறத்தில் கசியும். கிரீஸ் அடிக்கும் சின்ன வாய், அதாவது நிப்பிள், இருந்தால் பூட் லேசாக உப்பும் வரை கிரீஸ் அடியுங்கள், அதோடு நிறுத்துங்கள். நிப்பிள் இல்லாத ஜொயின்ட் ஆடினால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பிறகு சக்கர அலைன்மென்டும் பாருங்கள்.

ஆட்டம் நன்றாகத் தெரிந்தால் தயவுசெய்து லோட் ஏற்றாதீர்கள். ஜொயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங் கைக்கு வராது.